செவ்வாய்க்கிழமை வலி

போன மாதம் பயிற்சி மருத்துவர்களுக்கு ஏதோ வகுப்பு என்று என்னையும் கூப்பிட்டு, சால்வை போட்டு, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓய்வு பெற்ற அரசு மருத்துவருக்குக் கிடைக்கிற மரியாதை அவ்வளவுதான்: ஒரு சால்வை, இரண்டு பிஸ்கட், வாயை மூடிக்கொண்டிருக்கும் உரிமை. ஆணோடு உறவு வைத்துக்கொள்ளும் ஆண்களின் உடல்நலம் என்பது தலைப்பு. உறவின்போது வலிக்கிறது என்று ஒருவர் வந்தால் என்னென்ன கேட்க வேண்டும், எதையெல்லாம் கேட்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் டாக்டர் கூச்சமில்லாமல் அழகாகச் சொன்னார். டீ இடைவேளையில் அவரே என்னிடம் வந்து, "உங்க காலத்துல இந்த மாதிரி கேஸே வந்திருக்காது, இல்லைங்களா சார்?" என்றார்.

வந்தார்கள், அம்மா. வாராவாரம் வந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் வைத்த பெயர் மூலம்.

அந்தப் பெண்ணிடம் அன்று அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அதற்குள் குரூப் போட்டோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

நான் மெட்ராஸில் படித்தவன். அத்தனை வருடப் படிப்பில் இந்த ஆண்கள் ஒரே ஓர் இடத்தில்தான் தலைகாட்டினார்கள். சட்ட மருத்துவப் பாடத்தில், குற்றங்கள் என்ற தலைப்பின் கீழ் அரைப் பக்கம். போலீஸ்காரர் ஒருவனை இழுத்துவந்தால் அவன் 'அப்படிப்பட்டவன்'தானா என்று டாக்டர் எப்படிப் பார்த்துச் சொல்வது என்பதற்குக் குறிப்புகள். அவனுக்கு வலித்தால் என்ன செய்வது என்று அரை வரி இல்லை. பேராசிரியர் அந்தப் பக்கம் வந்ததும், "இதை நீங்களே படிச்சுக்குங்க" என்று கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். பரீட்சைக்கு வராது என்று தெரிந்ததும் நாங்களும் துடைத்துப் போட்டுவிட்டோம்.

எழுபதுகளின் நடுவில் எனக்கு வேலை கிடைத்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் இடையில் ஏதோ ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எங்களுக்கு மேலே ஒருவர். ஊரே அவரைப் பெரிய டாக்டர் என்றுதான் சொல்லும். ஆள் பெரியவர், மீசை பெரியது, எல்லாவற்றையும்விடக் குரல் பெரியது. அவர் ரகசியம் பேசினால் பஸ் ஸ்டாண்டில் கேட்கும். கெட்டவர் இல்லை, ஏழையிடம் கைநீட்டியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மனித குலத்தின் துன்பம் அனைத்துக்கும் மிளகாய்தான் காரணம் என்பது அவர் கண்டுபிடிப்பு. அதை அசைக்க எந்தக் கடவுளாலும் முடியாது.

பின்பக்கக் கோளாறு என்று வருகிறவர்களை அவர் பார்க்கும் முறையை விவரமாகச் சொல்ல வேண்டும். நோயாளி மேசைமேல் ஏறி, முழங்காலையும் முழங்கையையும் ஊன்றிக் கவிழ்ந்துகொள்வார். நடுவில் ஓட்டை வைத்துத் தைத்த பச்சைத் துணியை அவர்மேல் போர்த்துவோம். ஆர்டர்லி டார்ச் விளக்கோடு நிற்பார். எல்லாம் தயார் என்று சொன்ன பிறகுதான் பெரிய டாக்டர் உள்ளே வருவார். வந்ததும் மூன்று கேள்வி, எப்போதும் அதே மூன்று.

"காரமா? கறியா? சைக்கிளா?"

காரம் அதிகம் தின்கிறாயா, கறி தின்கிறாயா, சைக்கிள் மிதிக்கிறாயா என்று அர்த்தம். மேசைமேல் இருக்கிறவர் மூன்றில் ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும். சைவச் சாப்பாடு சாப்பிட்டு, காரம் தொடாமல், நடந்தே ஊரைச் சுற்றுகிற ஒரு தமிழாசிரியர் ஒருமுறை மூன்றுக்கும் இல்லை என்றார். "அப்ப வூட்டுக்குத் தெரியாம கறி திங்கிற" என்று தீர்ப்பு வந்தது. பக்கத்தில் தடுப்பு உண்டு, துணித் தடுப்பு. கண்ணுக்குத்தான் அது தடுப்பு, காதுக்கு இல்லை. வெளியே பெஞ்சில் காத்திருந்த அத்தனை பேரும் ஆசிரியரின் கள்ளக் கறியைப் பற்றித் தெரிந்துகொண்டார்கள்.

கேள்வி முடிந்ததும் விரல் பரிசோதனை. பிறகு, முக்கால்வாசிப் பேருக்கு ஒரே வைத்தியம். வியாழக்கிழமை ஆபரேஷன் நாள். மயக்கம் கொடுத்துவிட்டு, இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டு ஆசனவாய்த் தசையை நன்றாக விரித்துவிடுவார். அந்தக் காலத்தில் அது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சைதான். நிறையப் பேருக்கு வலி போகவும் போயிற்று. சிலருக்கு வலியோடு சேர்ந்து கட்டுப்பாடும் போனது. அப்படிப்பட்டவர்கள் திரும்பி வந்து புகார் சொல்வதில்லை. கூட்டத்தோடு பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வர அவர்களால் முடியவில்லை. அதனால் பெரிய டாக்டரின் கணக்கில் அவர்கள் எல்லோரும் குணமானவர்கள்.

செல்வராசு அப்படி ஒரு வியாழக்கிழமைக்கு ஏற்பாடானவர். பெரம்பலூர் கடைவீதியில் ஒற்றை நாற்காலி சலூன். முப்பதைத் தாண்டியவர், கல்யாணம் ஆகவில்லை, வேலையில் நறுவிசு. ஞாயிற்றுக்கிழமைதோறும் குவார்ட்டர்ஸுக்கு வந்து பெரிய டாக்டருக்கு முகச்சவரம் செய்வதும் அவர்தான். பெரிய டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு சவரம் செய்துகொள்வார். நோயாளிகளையோ பின்பக்கமாகவே பார்ப்பார். ஆக, தன் சவரக்காரரைத்தான் டார்ச் அடித்துப் பார்த்தோம் என்பது அவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று கேள்விக்கும் செல்வராசு "ஆமாங்க" என்றிருக்கிறார். ஒன்று கேட்டால் மூன்று கொடுத்த நோயாளியைப் பெரிய டாக்டருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் நோயாளியைத் தயார் செய்வது என் பொறுப்பு. நான் போனபோது முடி மழிக்க வந்த அட்டெண்டருக்கும் அவருக்கும் தகராறு.

"பிளேடை அப்படிப் புடிக்காதீங்கண்ணே, தோலு போயிடும்."

"எனக்கே சொல்லித் தர்றியா? படுய்யா."

அட்டெண்டரை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு நானே பார்த்தேன். மூலம் இல்லை. தோல் வெளுத்து, சுருங்கி, வறண்டு, பல இடங்களில் மெல்லிசாகக் கீறல் விட்டிருந்தது. விரல் பட்டதுமே தசை கல்லாக இறுகிக்கொண்டது.

"என்னப்பா போட்ட இதுல?"

"படிகாரம்ங்க."

"படிகாரமா! எதுக்கு?"

"ரத்தம் நிக்கத்தாங்க. முகத்துல வெட்டுப்பட்டா அதானே தேய்க்கிறோம்."

"ரத்தம் எப்ப வருது? வெளிக்குப் போறப்பவா?"

"இல்லீங்க."

"வலி?"

துண்டை இழுத்து இடுப்பில் போர்த்திக்கொண்டார். பிறகு, "செவ்வாய்க்கெழமைங்க" என்றார்.

எந்த மிளகாய்க்கு நாள் கிழமை தெரியும்? எனக்கு உடனே எல்லாம் விளங்கிவிட்டது என்று எழுதினால் அது பொய். செவ்வாய் என்றதும் கோயில் ஞாபகம்தான் எனக்கு வந்தது. வாலிகண்டபுரம் கோயிலுக்குப் போய்க் கருங்கல் தரையில் வெகுநேரம் உட்காருகிறாயா என்று கேட்டேன்.

"இல்லீங்க சார். செவ்வாய்க்கெழம சலூன் லீவுங்க."

"சரி, அதனால?"

"ஒருத்தரு வருவாருங்க. கண்டக்டரு. அரியலூரு வண்டி."

"லீவு நாள்ல முடி வெட்டிக்கவா வர்றாரு?"

கேள்வியைப் பாருங்கள். நான் எம்.பி.பி.எஸ். செல்வராசு என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயத்தைவிட இரக்கம்தான் அதிகம்.

"இல்லீங்க சார்" என்றார், ரொம்ப மெதுவாக.

என் காது சூடாகிவிட்டது. மனதில் அந்த அரைப் பக்கம் வந்து நின்றது. குற்றவாளியைக் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நோயாளியைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தரவில்லை. கதவு சாத்தியிருக்கிறதா என்று அவர் ஒருமுறை பார்த்துக்கொண்டார். நானும் பார்த்துக்கொண்டேன். இதை வெளியே சொன்னால் நாளைக்கு அவர் நாற்காலியில் ஓர் ஆள்கூட உட்கார மாட்டான் என்பது இருவருக்குமே தெரியும். ஏற்கெனவே அந்த ஊர் அவரிடம் கழுத்தைக் கொடுக்கும், டீக்கடையில் கண்ணாடிக் கிளாஸைக் கொடுக்காது.

வெட்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு, வயிற்றுப்போக்குக்காரனிடம் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதுபோல் ஒவ்வொன்றாகக் கேட்டேன். கேட்கக் கேட்க அவரும் சொன்னார். கண்டக்டரோடு மூன்று வருடப் பழக்கம். எண்ணெய் ஏதாவது பயன்படுத்துகிறாயா? எண்ணெய் துண்டில் கறையாகும். ஆகவே சவரச் சோப்பு நுரை. பிரஷ்ஷால் நன்றாகக் கலக்கி, முகத்துக்குப் போடும் அதே நுரை. முடிந்ததும் எரியும், சில நாள் ரத்தம் கசியும். ஆகவே படிகாரக் கல்லை நனைத்து ஒரு தேய். சவரத் தொழிலின் முறையை வரிசை மாறாமல் அங்கேயும் செய்திருக்கிறார். கடைசியில் பவுடர் போட்டாயா என்று கிண்டலாகக் கேட்க வாயெடுத்தேன். நான் கேட்பதற்கு முன்பே, "அப்புறம் பவுடருங்க" என்றார்.

சோப்பு தோலின் பசையை எடுத்துவிடும், படிகாரம் சுருக்கி உலர்த்திவிடும், அடுத்த வாரம் ஆறாத கீறல்மேல் மறுபடியும் அதே கூத்து. அதோடு அவசரம். பஸ் நிற்கிற கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிய வேண்டும். டிரைவர் டீ குடித்துவிட்டு ஹாரன் அடித்தால் கண்டக்டர் சட்டையை மாட்டிக்கொண்டு ஓட வேண்டும். பலகைக் கதவுக்கு வெளியே யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் செல்வராசுக்கு உடம்பு முழுக்க இறுகிப்போகும். இறுகிய தசைக்கு வலிக்கத்தானே செய்யும்?

"வலிக்குதுன்னு அவருகிட்டச் சொன்னியா?"

"இல்லீங்க."

"மூணு வருஷமாவா?"

"சொன்னா, நமக்கு எதுக்குடா பாவம்னு வராம இருந்துடுவாருங்க. வாரத்துக்கு ஒருக்கா வர்றாரு. அதையும் கெடுத்துக்கச் சொல்றீங்களா?" என்றவர், நாளைக்கு விழா என்பதுபோல முகம் தெளிந்து, "அதாங்க பெரிய டாக்டருகிட்ட வந்தேன். விரிச்சு வுட்டுட்டா அப்புறம் வலிக்காதாமுல்ல?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இவர் பெரிய டாக்டரின் மிளகாய்க்கு மாட்டிய அப்பாவி இல்லை. தெரிந்தே மேசைமேல் ஏறியிருக்கிறார்.

இருக்கிற நல்ல தசையை எதற்காகக் கிழித்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கினேன். வாயு வந்தாலும் அடக்க முடியாமல் போகலாம், மலம் கசியலாம், நாள் முழுக்க ஒருவன் தலைக்குப் பின்னால் நிற்கிற தொழில் உன்னுடையது என்றேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அப்படி ஆனாலும் அவரு வருவாருல்லீங்க?" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இன்றுவரை தெரியாது. ஆபரேஷன் கிடையாது, எழுந்திரு என்று சத்தம் போட்டேன். சோப்பையும் படிகாரத்தையும் அன்றோடு விட வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் தினமும் உட்கார வேண்டும், சுத்தமான தேங்காயெண்ணெய் தடவ வேண்டும், கீரையும் தண்ணீரும் நிறைய. ரத்தம் எடுத்துத் திருச்சிக்கு அனுப்பி, உறவால் தொற்றும் மேகநோய் உண்டா என்று பார்க்க வேண்டும். ஆறு வாரத்துக்கு உறவு கூடாது. அதற்குப் பிறகும் நுரை கூடாது, வழுவழுப்பு வேண்டும், அவசரம் கூடாது, வலித்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். இன்றைக்கு என்றால் ஆணுறை போட்டுக்கொள்ளச் சொல்லி, உறையோடு எண்ணெய் ஆகாது, தண்ணீர் ஜெல்லிதான் என்றும் சொல்லியிருப்பேன். அன்று எனக்கே யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவர் ஒன்றில் மட்டும் நின்றுவிட்டார்.

"ஆறு செவ்வாய்க்கெழம அவருகிட்ட என்னன்னு சொல்றதுங்க?"



மறுநாள் காலை பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். மூலம் இல்லை சார், தோல் அழற்சி, படிகாரம் போட்டிருக்கிறான் என்றேன்.

"ஏன்யா அங்க போயிப் படிகாரம் போடறான்?"

"ரத்தம் வந்துச்சாம் சார்."

"ரத்தம் ஏன் வந்துச்சு?"

வராந்தா முழுக்கக் காது. செல்வராசு ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் வாயில் ஒரு பொய்யும் வரவில்லை. ஆனால் பெரிய டாக்டர் யாருடைய பதிலுக்கும் காத்திருக்கிறவர் இல்லை.

"காரம்!" என்றார் அவரே.

உயிர் வந்தது எனக்கு. "அதேதான் சார். இவன் அநியாயத்துக்குக் காரம் தின்கிறவன். ஆறு வாரம் மிளகாயை அடியோடு நிறுத்தி, கத்தி படாமலே ஆறுதான்னு பார்த்தா, உங்க கொள்கைக்கு அதைவிட ருசு என்ன சார் வேணும்?"

பெரிய டாக்டர் சோப்புக் கையோடு என்னை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் இந்தப் பயலைக் கவனிக்காமல் விட்டோமே என்ற பரவசம் அவர் முகத்தில் தெரிந்தது. "யோவ், இறக்குய்யா அவனை!" என்று அவர் போட்ட சத்தம் நிச்சயமாக அரியலூர் வரை போயிருக்கும்.

இப்படியாக மிளகாய் ஒரு மனிதனின் ஆசனவாயைக் காப்பாற்றியது. ஆறு வாரம் கழித்துத் தோல் ஆறியதும் பெரிய டாக்டர் இதைத் திருச்சியில் ஒரு மருத்துவர் கூட்டத்தில் பேசி, கைதட்டலும் வாங்கினார். கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தபடி, சவரத் தொழிலாளி ஒருவர், கடுமையான காரப் பழக்கம், உணவு மாற்றத்தால் பூரண குணம். இரண்டாம் வரிசையிலிருந்து நானும் கைதட்டினேன். தட்டாமல் எப்படி இருப்பது?

ஆனால் அந்த ஆறு வாரம் சுலபமாகப் போகவில்லை. மூன்றாவது வாரமோ நான்காவதோ, வெளிநோயாளி வரிசையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்து உட்கார்ந்தார். கையில் தோல் பை. வயிற்று வலி என்றார். எங்கே என்றால் வயிற்றில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தைக் காட்டினார். கடைசியில், "சார், சலூன் செல்வராசு இங்க வந்தானாமே. அவனுக்கு என்னங்க?" என்றார்.

"அதை நான் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்க."

"எதுனா பெரிய வியாதிங்களா? செத்துருவானா?"

"அதெல்லாம் இல்லைங்க."

"அப்ப ஏன் சார் என்னைக் கிட்டவே வுட மாட்டேங்கறான்?" என்றவர் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டு, பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் பொறுத்து, "விரதம்ங்கறான். அரும்பாவூருக்குக் கல்யாணத்துக்குப் போயி கறிக்கொழம்பு ஊத்தித் தின்னதை நானே பார்த்தேன். வேற யாரையோ புடிச்சுட்டான் சார். மொகத்துக்கு நேரா சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிட மாட்டேனா?" என்றார்.

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. பஸ் நிறையக் கூட்டத்தை ஒற்றைக் குரலில் அடக்குகிற மனிதர்.  ஒரு நோயாளி சொன்னதை இன்னொருவரிடம் சொல்லக் கூடாது என்பது சட்டம். அதை நான் மீறவில்லை. ஆனால் கேள்வி கேட்கச் சொல்லித்தரக் கூடாது என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

"அவர்கிட்டப் போயி, வலிக்குதான்னு மட்டும் கேளுங்க" என்றேன். "அதோட நீங்களும் ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்குங்க."

"வலிக்குதான்னா?" என்றவர் என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டி நீட்டினார். வயிற்று வலியை அதோடு மறந்துவிட்டார்.

ஆறு வாரம் முடிந்து செல்வராசு வந்தார். பெரிய டாக்டருக்குத் தன் ருசுவைப் பார்த்து மகிழ்ச்சி. ஞாயிற்றுக்கிழமை தன் கழுத்தில் கத்தி வைத்திருந்த இதே ஆளிடம்தான் மிளகாயின் கொடுமையைப் பற்றிப் பேசியிருந்தோம் என்பதை அறியாமலேயே, இப்போது மறுபக்கத்திடமும் அதையே சொல்லிவிட்டுப் போனார். நான் கதவைச் சாத்தினேன். தோல் நன்றாக ஆறியிருந்தது. இருவர் ரத்தத்திலும் குற்றமில்லை என்று திருச்சியிலிருந்து வந்திருந்தது.

"கேட்டாரா?" என்றேன்.

"கேட்டாருங்க. கத்தரியத் தீட்டிக்கிட்டிருந்தேன். அதைக் கீழ வைடான்னுட்டுக் கேட்டாரு."

"நீ?"

"ஆமான்னேன். மூணு வருசமாவான்னாரு. ஆமான்னேன். திட்டுனாரு பாருங்க சார், சில்லறை இல்லாம ஏறுனவனைத் திட்டுற மாதிரி. ஒனக்கு வலிக்கும்னா நான் எதுக்குடா வரேன், என்னை என்னன்னுடா நெனச்சேன்னாரு. அப்புறம் அவரே அந்த நாக்காலியில உக்காந்துக்கிட்டு அழுதாரு."

"சரி, அப்புறம்?"

"நேரமாச்சேன்னு நானே சட்டையை எடுத்துக் கொடுத்தேங்க. வாங்கித் திரும்பவும் ஆணியில மாட்டிட்டாரு. அன்னிக்கு லீவு போட்டுட்டு வந்திருக்காரு, எனக்குத் தெரியாது. பொழுது சாயிற வரைக்கும் இருந்தாருங்க. எனக்குத்தான் என்ன பண்றதுன்னே புரியல. கடையக் கூட்டுனேன். கூட்டுன கடையவே திரும்பக் கூட்டுனேன்."

"வலி இருந்துச்சா?" என்றேன். வைத்தியன் புத்தி, வேறெதைக் கேட்கும்?

செல்வராசு தலையைக் குனிந்துகொண்டார். சிரிக்கிறார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஒண்ணுமே செய்யலீங்க சார். சும்மாதான் இருந்தோம்."